நிற்கும் மரத்தின் அளவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் சென்றால், தூணக்கடவுக்கு அருகே கன்னிமாரா தேக்கு என்ற பெருமரத்தைக் காணலாம். காடு கேரளத்தைச் சேர்ந்தது; சாலை வழி மட்டும் நம் பக்கத்தது. சென்ற ஆண்டு எங்கள் கல்லூரித் தாவரவியல் மாணவர்கள் அங்கே சுற்றுலா சென்றபோது பேருந்தில் இடம் மிஞ்சியதால், கணிதத் துறையிலிருந்து நாங்கள் மூவர் ஒட்டிக்கொண்டோம். உலகில் உயிரோடு நிற்கும் மிகப் பெரிய தேக்குகளில் ஒன்றாக எண்ணப்படும் மரம் அது. 1994-95ஆம் ஆண்டுக்கான மகாவிருட்ச புரஸ்கார் என்ற மத்திய அரசின் விருதைப் பெற்றது. முன்னொரு காலத்தில் வெட்டப் போனபோது வெட்டிய இடத்தில் இரத்தம் கசிந்ததாகவும், அதனால் விட்டுவிட்டதாகவும், அன்று முதல் பழங்குடி மக்கள் கன்னித் தெய்வமாக வணங்குவதாகவும் சொன்னார்கள். சுற்றிலுமிருந்த பழந்தேக்குகள் எல்லாம் போய், 1907இல் தொடங்கிய கொச்சி வன டிராம் பாதையில் சாலக்குடி வரை கட்டைகள் இறங்கிய காலத்தையும் தாண்டி இந்த ஒரு மரம் நிற்கிறது என்றால், அந்தக் கதைக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

நான் சொல்ல வந்தது அதன் அளவைப் பற்றி. ஊர் திரும்பிய பின், நூலகத்தில் கிடைத்த புத்தகங்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் அந்த மரத்தின் உயரத்தைத் தேடினேன். ஒன்றில் 48.5 மீட்டர் என்றிருந்தது. இன்னொன்றில் 39.98 மீட்டர். சுற்றளவு ஓரிடத்தில் 6.57 மீட்டர், வேறோரிடத்தில் 7.02 மீட்டர். சுற்றளவில் உள்ள வேறுபாட்டை மரம் பருத்ததாக வைத்துக்கொள்ளலாம். உயரத்தில் எட்டரை மீட்டர் எங்கே போயிற்று? எட்டரை மீட்டர் என்பது நம் கல்லூரியின் இரண்டு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இதை வீட்டில் சொன்னேன். என் தந்தை மரவாடியில் மரம் அறுக்கும் தொழிலாளி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இரண்டு அளவுகளையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "படுக்க வச்சு அளந்தாங்களா, நிக்க வச்சு அளந்தாங்களா?"

நிற்கும்போது அளந்தார்கள் என்றேன். "அப்ப ரெண்டும் இருக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்தப் பதிலின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்கியபோது, என்னால் ஒரு மரத்துக்கும் ஒரு மனுவுக்கும் நேர்ந்த சங்கடத்தோடு சேர்ந்து விளங்கியது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். இடையிடையே கணக்கு வரும். கலைப் பிரிவு நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சுற்றளவு. இது எளிது என்று தோன்றும். கயிற்றைச் சுற்று, கயிற்றை அள, முடிந்தது. எந்த உயரத்தில் சுற்றுவது என்பதில்தான் தொல்லை தொடங்குகிறது. மரம் அடியில் பருத்தும் மேலே போகப்போகச் சிறுத்தும் இருப்பதால், ஆளுக்கோர் இடத்தில் சுற்றினால் ஆளுக்கோர் அளவு வரும். ஆகையால் வனத்துறையினர் நெஞ்சு மட்டம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அது தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. ஐரோப்பிய நாடுகளில் 1.3 மீட்டர். சரிவான நிலமாக இருந்தால் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து கணக்கிட வேண்டும். நாடா கிடைமட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கிவிட்டால் வட்டம் நீள்வட்டமாகி அளவு கூடிவிடும். மரத்தின் அடி, வரிச்சு வரிச்சாகப் பலகை வேர் விட்டிருந்தால் வேர்களுக்கு மேலே சென்று அளக்க வேண்டும். இல்லையென்றால் நாடா வேரின் முதுகிலிருந்து அடுத்த வேரின் முதுகுக்குத் தாவும். நடுவிலுள்ள காற்றையும் மரமாக எண்ணி அளந்துவிடுவோம்.

என் தந்தை அளப்பது படுத்த மரத்தை. கட்டையின் நடுவில் சணல் கயிற்றைச் சுற்றுவார். சுற்றிய கயிற்றை இரண்டாக மடிப்பார், மறுபடி இரண்டாக மடிப்பார். நாலில் ஒரு பங்காகிவிட்ட அந்தக் கயிற்றை அடிக்கோலில் வைத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. நாலடிச் சுற்று, பத்தடி நீளம் என்றால் கால் சுற்று ஓரடி. ஒன்றை ஒன்றால் பெருக்கிப் பத்தால் பெருக்கப் பத்து கன அடி. தாளும் எழுதுகோலும் வேண்டாம்.

பிளஸ் ஒன் படிக்கும்போது உருளையின் கன அளவு பாடம் முடிந்த அன்று, நான் இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தேன். சுற்றளவு 4 அடி என்றால் விட்டம் 1.273 அடி. வட்டத்தின் பரப்பு 1.273 சதுர அடி. பத்தடி நீளத்துக்கு 12.73 கன அடி. என் தந்தையின் கணக்கில் 10. நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேல் காணாமல் போகிறது! மரவாடியில் ஏதோ பெரிய மோசடியைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணி, சைக்கிளில் அங்கேயே போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். என் தந்தை சிரிக்கவில்லை. அறுத்து வைத்திருந்த ஒரு கட்டையின் முகத்தைக் காட்டி, "இந்த வட்டத்துக்குள்ள சதுரம் போடு பாக்கலாம்" என்றார். போட்டேன். 1.273 அடி விட்டத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய சதுரத்தின் பரப்பு 0.81 சதுர அடி. பத்தடிக்கு 8.1 கன அடி. சட்டமாகத் தேறுவது அவ்வளவுதான். மிச்சம் பட்டை, ஓரப்பலகை, மரத்தூள். கால் சுற்றுக் கணக்கு உருளைக்கும் சதுரச் சட்டத்துக்கும் நடுவே, வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொண்ட ஓரிடத்தில் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹோப்பஸ் என்பவர் இதற்கு வாய்பாடே அச்சிட்டார் என்று பின்னர்ப் படித்தேன். என் தந்தைக்கு ஹோப்பஸைத் தெரியாது, கயிறு தெரியும்.

இனி உயரம். உயரத்தை அளக்க நமக்குப் பள்ளியிலேயே வழி சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கிரேக்க அறிஞர் தேல்ஸ் நிழலைக் கொண்டு பிரமிடின் உயரத்தை அளந்ததாகச் சொல்வார்கள். ஒரு குச்சியின் நிழலும் மரத்தின் நிழலும் ஒத்த முக்கோணங்கள். ஆனால் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு மரத்தின் உச்சி நிழல் எங்கே விழுகிறது என்று தெரியவே தெரியாது. நிழல் மேல் நிழல். எனவே காட்டில் கோணத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் பிராண்டிஸ் பெயரால்கூட ஒரு கோணமானி உண்டு. தெரிந்த தூரத்தில் நின்று உச்சியைப் பார்க்கும் ஏற்றக் கோணத்தை அளந்து, அதன் டேன்ஜென்டைத் தூரத்தால் பெருக்கி, பார்வை மட்டத்தின் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். பத்தாம் வகுப்புக் கணக்கு.

எங்கள் ஊர் ஆனைமலை அடிவாரத்தில், காடு முடிந்து தோப்புகள் தொடங்கும் இடத்தில் உள்ளது. காட்டிலிருந்து வரும் ஓடையின் கரையில் ஏழு கன்னிமார் கற்களும், அவற்றின் தலைக்கு மேலே ஒரு நீர்மருதும் உண்டு. எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய மரம் இல்லை. சென்ற பங்குனியில், அறிவியல் கண்காட்சிக்காக அதை அளக்க முடிவு செய்தோம். பூசாரிப் பெரியவரிடம் கேட்டபோது, "செருப்பக் கழட்டிப் போட்டுட்டு அளந்துக்குங்க. ஆணி கீணி அடிக்கக் கூடாது" என்றார். "சரிங்கய்யா" என்றோம்.

நெஞ்சு மட்டத்தில் சுற்றினால் 6.2 மீட்டர் வந்தது. ஆனால் அங்கே வேர்ப் பலகைகள் துருத்திக்கொண்டிருந்தன. ஏணி வைத்து, இரண்டரை மீட்டர் உயரத்தில் வேர்கள் அடங்கிய இடத்தில் சுற்றினோம், 4.9 மீட்டர். இதுவே நாணயமான அளவு என்று பேராசிரியை சொன்னதால் அதையே எழுதினோம். (6.2 என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.)

உயரத்துக்குப் பாகைமானி, நூல், நூலில் ஒரு நட்டு, பார்ப்பதற்கு ஓர் உறிஞ்சு குழல். கைப்பேசியில் இதற்குச் செயலிகள் வந்துவிட்டன. ஆயினும் கையால் செய்த கருவியில் பிழை எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் என்று எங்கள் கணிதப் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஊர்ப் பக்கத்தில் வீடுகளும் வேலியும் மறைத்தன. ஓடைக்கு அக்கரையில் வெட்டவெளி, மேய்ச்சல் நிலம். ஓடையும் வறண்டிருந்தது. மரத்திலிருந்து சரியாக 30 மீட்டர் அளந்து நின்றோம். உச்சிக் கிளையில் ஒரு பருந்துக் கூடு இருந்ததால் குறி பார்ப்பது எளிதாயிற்று. கோணம் 52 பாகை. டேன் 52 என்பது 1.28. முப்பதால் பெருக்க 38.4. பார்வை மட்டம் ஒன்றரை மீட்டர். ஆக மொத்தம் 39.9 மீட்டர்.

கன்னிமாரா தேக்குக்கு ஒரு புத்தகத்தில் 39.98! எங்கள் ஊர் மருது அதற்கு வெறும் எட்டு சென்டிமீட்டர்தான் குறைவு. கண்காட்சி அட்டையில் இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வைத்தோம். எங்களுக்கு இரண்டாம் பரிசும் கிடைத்தது. அட்டையை ஊருக்குக் கொண்டுபோய்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மாட்டினோம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் அளந்த அளவு ஊர்ச் சுவரில் தொங்குவதை என் தாய் இரண்டு முறை போய்ப் பார்த்து வந்தார். என் தந்தை ஒரு முறை பார்த்தார். "நூறு அடி. மிஞ்சிப் போனா நூத்திப் பத்து. அதுக்கு மேல இல்ல கண்ணு" என்றார். 39.9 மீட்டர் என்பது 131 அடி. கண்ணால் சொல்வதற்கும் கணக்கால் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு என்று நான் கொஞ்சம் துடுக்காகவே பதில் சொன்னேன்.

ஆடி மாதம் காற்றில் மருதின் ஒரு கிளை முறிந்து விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மரத்திலிருந்து ஊர்ப் பக்கமாக 36 மீட்டர் தள்ளி அங்கன்வாடி இருக்கிறது. இருபது குழந்தைகள், என் அக்கா மகளும் அதில் ஒருத்தி. மரமே சாய்ந்தால் என்ன ஆகும் என்று பெற்றோர் அஞ்சியதைத் தவறென்று யார் சொல்ல முடியும்? மரத்தை அகற்ற வேண்டுமென்று மனு எழுதினார்கள். மனுவின் இரண்டாம் பத்தியில், "கல்லூரி மாணவர்கள் அறிவியல் முறைப்படி அளந்ததில் மரத்தின் உயரம் 40 மீட்டர், கட்டடம் இருப்பது 36 மீட்டரில்" என்று இருந்தது. கீழே எங்கள் மூவரின் பெயரும் கல்லூரியின் பெயரும்.

அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் அளவு சரியென்றால் மரம் போவதே நியாயம். என் தந்தையின் கண் சரியென்றால், என் அளவு ஒரு மரத்தைக் கொல்லப் போகிறது. அதே வேளையில் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தேன். மரம் பிழைக்க வேண்டும் என்ற ஆசையில் அளவைக் குறைத்துவிட்டு, நாளை அது அந்தப் பக்கம் சாய்ந்தால்?

மறுநாள் கணிதப் பேராசிரியரிடம் சென்றேன். அவர் திட்டவில்லை. "எத்தனை பக்கத்திலிருந்து அளந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒரே பக்கம். "மரம் செங்குத்தாக நிற்கிறதா?" யோசித்துப் பார்த்தேன். ஓடைக் கரை மரங்கள் எல்லாம் வெளிச்சம் தேடி ஓடைப் பக்கம் சாய்ந்துதானே வளர்கின்றன!

சனிக்கிழமை ஊர்ப் பக்கம், அங்கன்வாடி வாசலுக்குச் சற்று முன்னால், மரத்திலிருந்து 30 மீட்டரில் நின்று அதே பருந்துக் கூட்டுக் கிளையின் நுனியைப் பார்த்தோம். கோணம் நாற்பதரை பாகை. டேன் 0.854. பெருக்க 25.6; ஒன்றரை கூட்ட 27.1 மீட்டர். ஒரே மரம், ஒரே தூரம், ஒரே பாகைமானி. அக்கரையில் 39.9, இக்கரையில் 27.1. இரண்டும் இருக்கும் என்று என் தந்தை சொன்னது இதைத்தான்.

செய்தி பரவியதும் ஊரில் இரண்டு கட்சி ஆயிற்று. அகற்ற வேண்டும் என்பவர்கள் 40ஐப் பிடித்துக்கொண்டார்கள். கன்னிமார் மரத்தைத் தொடக் கூடாது என்பவர்கள் 27ஐப் பிடித்துக்கொண்டார்கள். நடுநிலை பேசிய ஒருவர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 33 அல்லது 34 என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அது தவறு.

ஏன் என்று பாருங்கள். டேன்ஜென்ட் முறை, உச்சிக்கு நேர் கீழே அடிமரம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. உச்சி என் பக்கம் சாய்ந்திருந்தால் அது உண்மையில் 30 மீட்டரில் இல்லை; அதைவிட அருகில் இருக்கிறது. அருகில் இருப்பதால் கோணம் பெரிதாகிறது. பெரிய கோணத்தை முழு முப்பதால் பெருக்கினால் இல்லாத உயரம் வந்து சேர்கிறது. எதிர்ப் பக்கத்தில் இதற்கு மாறாக நடக்கிறது. உச்சி நடுவிலிருந்து விலகியிருக்கும் தூரம் தெரியாதுதான். ஆனால் இரண்டு பக்கத்திலும் அது ஒன்றே. ஒரு பக்கம் கழிகிறது, மறு பக்கம் கூடுகிறது. இரண்டு தூரங்களையும் கூட்டினால் அது மறைந்து 60 மீட்டர் மட்டும் நிற்கும். அந்த 60ஐ இரண்டு கோணங்களின் கோடான்ஜென்டுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் உயரம்: 60ஐ 1.952ஆல் வகுக்க 30.7. பார்வை மட்டம் ஒன்றரையைக் கூட்டினால் 32.2 மீட்டர்.

புள்ளியியல் வகுப்பில் இசைச் சராசரி என்று ஒன்றைப் படிக்கிறோம். இரண்டு எண்களின் பெருக்கற்பலனை இருமடங்காக்கி, கூட்டுத்தொகையால் வகுப்பது. தேர்வுக்கு வந்தால் எழுதுவோம். எதற்குப் பயன் என்று கேட்டதில்லை. 38.4க்கும் 25.6க்கும் இசைச் சராசரி போட்டுப் பாருங்கள். அதே 30.7. சாய்ந்த மரத்தை எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே தூரத்திலிருந்து அளந்தால் உண்மையான உயரம் கூட்டுச் சராசரியில் இல்லை, இசைச் சராசரியில் இருக்கிறது. இதை நான் தாளில் கண்டபோது அடைந்த மகிழ்ச்சி, இரண்டாம் பரிசு வாங்கியபோதுகூட இல்லை.

கணக்கு இன்னொன்றும் சொன்னது. உச்சி, அடிமரத்திலிருந்து ஓடைப் பக்கமாக 6 மீட்டர் விலகியிருக்க வேண்டும். இதை எப்படிச் சோதிப்பது? உச்சியிலிருந்து தூக்குக் குண்டு விட முடியுமா? என் தந்தையை அழைத்துப் போனேன். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு பாறையின் மேல் நின்று, "இங்க அள" என்றார். பாறை முழுதும் வெள்ளை வெள்ளையாகப் பருந்தின் எச்சம். கூட்டுக்கு நேர் கீழே அந்த இடம். மரத்திலிருந்து நாடா பிடித்தோம், 6.2 மீட்டர் வந்தது.

32.2 மீட்டர் என்பது 106 அடி. நூறுக்கு மேல், நூற்றிப் பத்துக்குள்.

இப்படி ஏமாந்தது நாங்கள் மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 400 அடிக்கு மேற்பட்ட யூகலிப்டஸ் மரங்கள் இருப்பதாகப் பலரும் எழுதிவந்தார்கள். 1888இல் மெல்போர்னில் நடந்த பெருங்கண்காட்சியை ஒட்டி, அப்படியொரு மரத்தைக் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். பரிசை யாரும் பெறவில்லை. நில அளவையாளர் முறையாக அளந்தவற்றுள் உயர்ந்தது 326 அடிதான். மரங்கள் சுருங்கிவிடவில்லை, அளவு திருந்தியது.

இன்று பெருமரங்களை அளப்பவர்கள் லேசர் கருவியைக் கையாளுகிறார்கள். அது அடிமரத்துக்குள்ள தூரத்தைப் பார்ப்பதில்லை. உச்சி நுனிக்கே கதிரை அனுப்பிச் சாய்தூரத்தை அளக்கிறது. சாய்தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் உயரம். எங்கள் மருதுக்கு அக்கரையிலிருந்து சாய்தூரம் 39 மீட்டர் இருந்திருக்கும். 52 பாகையின் சைன் 0.788, பெருக்க 30.7. மரம் எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன, சைனுக்குக் கவலையில்லை. அதற்கும் மேலே போனால் ஆளே ஏறி நாடாவைத் தொங்க விடுவது. கலிபோர்னியாவில் ஹைபீரியன் என்ற செம்மரத்தை 2006இல் கண்டுபிடித்தபோது அப்படித்தான் அளந்தார்கள்; 115.55 மீட்டர். 2019இல் 116.07. உலகில் நாமறிந்த மிக உயரமான மரம் அது. மலேசியாவின் சபா மாநிலத்தில் மெனாரா என்ற மரம் முதலில் விமானத்திலிருந்து லேசரால் அறியப்பட்டு, 2019இல் உள்ளூர்க்காரர் ஒருவர் உச்சி வரை ஏறி நாடா விட்டதில் 100.8 மீட்டர் வந்தது. 2023இல் திபெத்தில் 102.3 மீட்டர் சைப்ரஸ் ஒன்றை அறிவித்ததும் ஆசியாவின் முதலிடம் அதற்குப் போயிற்று. பெயர் பெற்ற மரத்துக்குத் தொல்லையும் உண்டு. ஹைபீரியனைத் தேடி வந்தவர்களின் காலடி பட்டு வேரைச் சுற்றியிருந்த மண் இறுகிப் போனதால், 2022இல் அந்தப் பகுதியையே மூடி, மீறினால் அபராதமும் சிறையும் என்று அறிவித்தார்கள். கன்னிமார் கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொன்ன பூசாரிப் பெரியவரை அப்போது நினைத்துக்கொண்டேன்.

நாடா விட்டு அளந்தால் சென்டிமீட்டர் எழுதலாம். பாகைமானியில் அரைப் பாகையைத் தவறவிடுவது மிக எளிது. 52 பாகையில், 30 மீட்டர் தூரத்தில், அரைப் பாகை பிசகினால் உயரத்தில் 70 சென்டிமீட்டர் பிசகும். அப்படியிருக்க நான் 39.9 என்று தசம இடம் போட்டு எழுதியதும், எட்டு சென்டிமீட்டர்தான் குறைவு என்று துள்ளியதும் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கன்னிமாரா தேக்கின் 39.98ஐயும் 48.5ஐயும் எந்த முறையில், எங்கே நின்று அளந்தார்கள் என்று நான் பார்த்த பக்கங்களில் இல்லை. அது தெரியாமல் இரண்டில் ஒன்றைப் பொய் என்று சொல்ல இப்போது எனக்குத் துணிவில்லை.

பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நாங்கள் மூவரும் எழுத்தில் கொடுத்தோம். எங்கள் முந்தைய அளவு தவறு. மரத்தின் உயரம் 32 மீட்டர், ஒரு மீட்டர் கூடலாம் அல்லது குறையலாம். சாய்வாக நிற்பதால் அடியிலிருந்து நுனி வரை நேர்கோட்டு நீளம் 33 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டடம் 36 மீட்டரில். மரத்தின் பாரம் ஓடைப் பக்கம் இருக்கிறது என்பதையும், அடிமரம் உள்ளே பொத்தலா இல்லையா என்பதை எங்கள் அளவு சொல்லாது என்பதையும் சேர்த்தே எழுதினோம். மனு எழுதியவர்களில் ஒருவர், "அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. அவரை அக்கரைக்கும் இக்கரைக்கும் அழைத்துச் சென்று, குழல் வழியே அவரையே பார்க்கச் சொல்லி, நூல் நின்ற எண்ணை அவர் வாயாலேயே படிக்க வைத்தோம். அதற்குப் பின் அவர் பேசவில்லை. ஒப்புக்கொண்டார் என்றும் சொல்ல மாட்டேன்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஊர்ப் பக்கம் நீண்டிருந்த காய்ந்த கிளைகள் இரண்டை வெட்டச் சொன்னார்கள், வெட்டியாயிற்று. மரத்தைப் பற்றிய முடிவு இதை எழுதும் வரை வரவில்லை. கண்காட்சி அட்டையில் 39.9 என்ற எண்ணை அடித்துவிட்டு, அழிக்காமல், பக்கத்தில் 32 என்று எழுதியிருக்கிறோம். அட்டையின் பின்பக்கத்தில் நாள், கருவி, நின்ற இரண்டு இடங்கள், இரண்டு கோணங்கள், நாடா சுற்றிய உயரம் எல்லாம் இருக்கின்றன. ஆணி அடிக்கக் கூடாது என்பதால் நின்ற இடங்களில் சுண்ணாம்பு பூசிய கல் ஒவ்வொன்று நட்டிருக்கிறோம். அக்கரைக் கல் மழையில் சாய்ந்துவிட்டது. தை பிறந்து ஓடை வற்றியதும், என் தந்தையோடு சென்று அதைத் திரும்ப நட வேண்டும்.